மரத்தை மாற்றுமுன் வேரைத் தயார் செய்யுங்கள்



திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ரோட்டில் ஒரு காலத்தில் இரு பக்கமும் புளிய மரங்கள் நிழல் கட்டி நின்றதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு வழிச் சாலை வந்தபோது அவை போய்விட்டன. இப்போதும் பல ஊர்களில், "ஐயா, ரோட்டுக்கு நிலம் எடுக்கிறாங்க. தாத்தா வெச்ச மாமரம் அதுல நிக்குது. வேரோட பேத்து வேற இடத்துல வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

வைக்கலாம். ஆனால் அவசரப்பட்டால் மரம் பிழைக்காது. ஒரு கிராமத்தில் நாங்கள் வேப்பமரம் ஒன்றைக் கிரேன் வைத்து ஒரே நாளில் தூக்கி நட்டோம். பத்து நாள் பச்சையாக நின்றது. அப்புறம் இலை கருகி, மரமே பட்டுப்போச்சு. காரணம் என்ன? மரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சிக் கொடுப்பது பருத்த வேர் அல்ல, நுனியில் இருக்கும் சல்லி வேர். அது பழைய குழியிலேயே தங்கிவிட்டது.

கிழட்டு மரம் பிழைக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் மிபோரோ அணை கட்டியபோது, இரண்டு கோயில்களில் நின்ற 400 வயதுக்கு மேற்பட்ட இரண்டு செர்ரி மரங்கள் நீரில் மூழ்க இருந்தன. 1960-இல் அவற்றை மேட்டுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். அடுத்த வசந்தத்தில் துளிர் விட்டன. அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் மரத்தை மாற்றுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவம் செய்வார்கள். அதற்கு 'நெமவாஷி' என்று பெயர். நாமும் செய்யலாம்.

முதலில், மாமரமானால் குச்சி எடுத்து நாலைந்து ஒட்டுக் கன்று கட்டிவையுங்கள். மரம் போனாலும் ரகம் போகாது.

அடிமரம் ஒரு சாண் குறுக்களவு இருந்தால், மரத்திலிருந்து மூன்றரை அடி தள்ளி வட்டம் போடுங்கள். அதை நான்கு பங்காக்கி, ஐப்பசியில் எதிரெதிரான இரண்டு பங்கில் மட்டும் மூன்றடி ஆழம் பள்ளம் எடுங்கள். வேரை ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து மூடுங்கள். மீதி இரண்டு பங்கை அடுத்த ஆனியில் செய்யுங்கள். ஈரம் காயக் கூடாது. அறுத்த இடத்தில் புதுச் சல்லி வேர் கிளம்பும்.

புரட்டாசிக் கடைசியில் கிளைகளைக் கொஞ்சம் கழித்து, வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கால் கட்டித் தூக்குங்கள். வடக்குப் பக்கத்துக்கு அடையாளம் வைத்து, அதே திசையில், அதே ஆழத்தில் நடுங்கள். மூன்று முட்டுக் கொடுங்கள். புதுத் துளிர் வரும்வரை ரசாயன உரம் வேண்டாம்.

ஆல், அரசு, பூவரசு சுலபமாகப் பிழைக்கும். பனையும் முந்திரியும் சிரமம்.

ஒன்றை மறக்காதீர்கள். மரத்துக்கான இழப்பீட்டுக் கணக்கு முடியுமுன் மரத்தில் கை வைக்காதீர்கள். நிலமெடுப்புத் தாசில்தாரிடம் எழுதிக் கேளுங்கள். ரோடு வரப்போவது தெரிந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். மரத்துக்கு வேண்டியது கிரேன் அல்ல, ஒரு வருஷ அவகாசம்.