தோலுக்கு விலை; மேய்ச்சலுக்குத் தடை

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோல் கடல் கடந்து செல்கின்றது. அதனால் தேசத்துக்கு வரும் செல்வத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றனர். ஆனால் அத்தோலுக்கு உரிய ஆட்டையும், ஆட்டின் பின்னே வெயிலில் திரிந்த ஏழையையும் நினைப்பவர் எத்தனை பேர்?

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைவித்து, ஆடு மாடு வளர்த்து ஜீவிக்கின்றனர். கீழே பாலாற்றங்கரையிலோ, அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்குத் தாளும் புல்லும் கிடைக்கும்; இரவில் அங்கேயே கிடை போட்டால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்காரனுக்குக் கூலி. தரிசுகளில் ஆவாரம்பட்டை உரித்துத் தோல் மண்டிக்கு விற்றவர்களும் உண்டு. குரோம் முறை பரவிய பின் அப்பட்டைக்கு முன்போல் தேவையில்லை. பட்டை போனதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. நிலமும் அல்லவா போயிற்று!

தோல் கழிவினால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ பகுதியோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பதை 1996-ஆம் வருஷத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக் காட்டியிருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாகிறதென்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. பின்னர் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு நிர்ணயமாயிற்று. தலைக்குச் சுமார் ஒன்பதாயிரம்! அதுவும் முற்றிலும் சேராமல், 2025-இல் மறுபடியும் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட நேர்ந்தது. நிலமிழந்தவன் கதியே இதுவானால், நிலமே இல்லாத ஆட்டுக்காரன் எந்தப் பட்டாவைக் காட்டி ஈடு கேட்பான்? வயல் தரிசானபோது அவனுடைய தாளும் போயிற்று, கிடைக் கூலியும் போயிற்று.

சரி, காட்டுக்குப் போகலாமென்றால் அங்கே சட்டம் நிற்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் குடிகளின் மேய்ச்சலைச் சர்க்காரின் தயவாக்கியது. புல்வரியை எதிர்த்து 1921-இல் பல்நாட்டார் சத்தியாக்கிரகம் செய்ததை நேயர்கள் அறிவார்கள். அன்னிய ஆட்சி போய், 2006-இல் நமது பார்லிமெண்டே மேய்ச்சலை வனவாசிகளின் உரிமையென்று சட்டமாக்கியது. இருந்தும் 2022-இல் தமிழ்நாட்டு வனங்களில் மேய்ச்சல் கூடாதென்று சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. பிறகுதான் அது சரணாலயங்களுக்கும் புலிக் காப்பகங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஆடு இளங்கன்றைக் கடிக்கும் என்பது மெய்தான். அதற்கு முறை வைத்து மேய்ப்பது பரிகாரமேயன்றி, மேய்ப்பவனை விரட்டுவது பரிகாரமாகாது.

ஸ்பெயின் தேசத்தைப் பாருங்கள். அங்கே 1273-இல் அரசன் பத்தாம் அல்போன்ஸோ மந்தைக்காரர் சங்கத்துக்குச் சாஸனம் அளித்தான். சங்கம் 1836-இல் மறைந்தது. அதன் அதிகாரத்தால் உழவர் பட்ட தொல்லையும் சிறிதன்று. ஆயினும் மலைக்கும் சமவெளிக்கும் இடையே மந்தைகள் சென்ற பாதைகளை 1995-ஆம் வருஷத்துச் சட்டம் பொதுச் சொத்தாகக் காக்கிறது. தலைநகரான மாட்ரிட் வீதிகளிலேயே வருஷந்தோறும் ஆட்டு மந்தையை நடத்திச் சென்று இவ்வுரிமையை நினைவூட்டுகின்றனர்.

நம்மிடமும் மேய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் எழுதியிருக்கிறது. கணக்கிலிருப்பது தரையிலும் இருக்கிறதா என்று வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஜில்லாக்களில் அளந்து பார்க்கட்டும். ஜவ்வாது மலைக் கிராம சபைகள் 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி மேய்ச்சல் உரிமை கோரி மனுச் செய்யத் தொண்டர்கள் துணை செய்யட்டும். தோல் தொழிலை மூடு என்று நாம் சொல்லவில்லை; பல்லாயிரம் தொழிலாளர் வயிறு அதில் இருக்கிறது. கழிவைச் சுத்தி செய்யும் செலவை முதலாளிகள் லாபத்திலிருந்து கொடுக்கட்டும் என்கிறோம். பொய்கைச் சந்தையில் செவ்வாய்தோறும் கூடும் குடியானவர்களை விசாரித்தால், கால்நடையை விற்க வருவோரில் எத்தனை பேர் மேய்ச்சலும் தண்ணீரும் இன்றி விற்கிறார்கள் என்பது தெரியும். அதிகாரிகள் ஒரு செவ்வாயன்று அங்கே போய் வரலாம்.