கைடும் நோட்ஸும்: மாணவர் அறிய வேண்டிய சட்டம்

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் கையில் இருக்கும் நோட்ஸ் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: கடையில் விற்கும் கைடு, ஆசிரியரோ டியூஷன் சென்டரோ கொடுக்கும் ஜெராக்ஸ் கட்டு, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் பிடிஎஃப். திருச்சி புனித வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் அய்யம்பெருமாள் கோனார் எழுதிய உரைகளைப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட, 'கோனார் நோட்ஸ்' என்ற பெயரில் அவை பல தலைமுறைகளைத் தேர்வில் கரையேற்றின. அத்தகைய கைடில் பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும். இணையத்தில் சுற்றும் நோட்ஸ் பலவற்றில் எழுதியவர் பெயரும் இல்லை, எந்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு உரியது என்ற குறிப்பும் இல்லை. மாணவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இதிலிருந்தே கிளைக்கிறது.

கைடு வைத்துப் படிப்பதே ஏதோ குற்றம் என்பதுபோலச் சில பள்ளிகளில் பேசுவதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கேள்வி 1960களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலுக்குச் சென்னையில் ஏ.என். பரசுராம் மாணவர் கைடு ஒன்றை வெளியிட்டார். நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் தம் பதிப்புரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 1964இல் தீர்ப்பு ஃபார்ஸ்டருக்கு எதிராக வந்தது; அந்தக் கைடு உரிமை மீறல் ஆகாது என்றது நீதிமன்றம். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவர் சென்னைக் கைடு ஆசிரியரிடம் தோற்ற இந்த வழக்கு, சட்டக் கல்லூரிக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. 2008இல் தில்லி உயர் நீதிமன்றமும் ஒரு கணக்குப் பாடநூலின் பயிற்சிகளுக்குப் படிப்படியாக விடை எழுதிய கைடைத் தடுக்க மறுத்தது. விளக்கமும் விடையும் புதிய உழைப்பு என்பதுதான் அடிப்படை. பாடநூலின் பக்கங்களை வரி மாறாமல் அச்சிட்டு அட்டையை மட்டும் மாற்றி விற்பதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

நகலெடுப்பதற்கும் எல்லை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் படிப்புக்காக நூலின் பகுதியை நியாயமான அளவில் நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதற்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. இதன் வீச்சு எவ்வளவு என்பதைத் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைதான் தெளிவாக்கியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள், தங்கள் நூல்களிலிருந்து இயல்களை எடுத்துத் தொகுத்துக் கொடுத்ததாக அந்தக் கடைமீது 2012இல் வழக்குப் போட்டன. கல்விக்குத் தேவைப்படும் அளவுக்கு நகலெடுப்பது தவறில்லை என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே, ஆசிரியர் கொடுத்த பத்துப் பக்கத்தை வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுக்கும் மாணவர் தலைவர் பயப்பட வேண்டியதில்லை.

அதே பக்கங்களை ஸ்கேன் செய்து டெலிகிராம் சேனலில் போட்டு, 'முழு செட் 99 ரூபாய்' என்று விற்றால் கதை வேறு. வணிக நோக்கில் தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதே சட்டத்தின் 63ஆம் பிரிவில் உண்டு. பள்ளி மாணவர்களே இத்தகைய சேனல்களை நடத்துவதால் பெற்றோருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

மறுபக்கம் ஒன்று உண்டு; அதை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரு மாணவி தன் சொந்தச் சொற்களில் எழுதிய உயிரியல் நோட்ஸுக்குப் பதிப்புரிமை அவளுடையது. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. யாராவது அதைத் தம் பெயரில் செயலியிலோ இணையதளத்திலோ ஏற்றினால், அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி தளம் 36 மணி நேரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் தளம் அதை மீண்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆசிரியர் எழுதும் நோட்ஸ் அப்படியல்ல: வேலையின் பகுதியாக எழுதப்பட்டது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நிறுவனத்துக்குப் போகும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தனி வழி திறந்தது. எந்தப் பாடநூலையும் நோட்ஸையும் பிரெயிலாகவோ ஒலிப்பதிவாகவோ மாற்றிக்கொள்ள உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லாப நோக்கில் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இனி ஆபத்துகள். முதல் ஆபத்து, பழைய சரக்கு. தமிழ்நாட்டில் 2018 முதல் புதிய பாடநூல்கள் படிப்படியாக வந்தன. அதற்கு முந்தைய பாடத்திட்டத்து நோட்ஸ் இன்னும் இணையத்தில் அழியாமல் கிடக்கிறது. தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்று இருந்தால் அது பழையது. 2019இலும் 2020இலும் புதிய மாவட்டங்கள் பிறந்து எண்ணிக்கை 38 ஆயிற்று. இயற்பியலில் கிலோகிராமை இன்னும் பாரிஸ் அருகே வைத்துள்ள பிளாட்டினம்-இரிடியம் உருளையால் வரையறுக்கும் நோட்ஸ், 2019 மே 20க்கு முந்தைய உலகில் இருக்கிறது; அன்றுமுதல் பிளாங்க் மாறிலிதான் அளவுகோல். கணக்குப்பதிவியலில் மதிப்புக் கூட்டு வரி மட்டும் இருந்து ஜிஎஸ்டி இல்லையென்றால் அது 2017 ஜூலைக்கு முந்தையது. வணிகவியலில் வேடிக்கை இன்னும் கூடுதல்: நுகர்வோர் உரிமையைக் கற்றுத்தரும் பழைய நோட்ஸ் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையே சொல்லும், 2019 சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்ட பிறகும். தமிழில் சிக்கல் வேறு விதம். செய்யுளுக்குப் பாடவேறுபாடு, சொற்பொருளில் எழுத்துப்பிழை, இலக்கணக் குறிப்பில் வினைத்தொகையைப் பண்புத்தொகை என்று போட்டிருப்பது போன்றவை ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் பல கைடுகளுக்கும் பரவிவிடுகின்றன.

விடைத்தாள் திருத்துவோருக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் விடைக்குறிப்பு பாடநூலை ஒட்டியது. கைடில் இப்படித்தான் இருந்தது என்ற வாதம் திருத்தும் மையத்தில் எடுபடாது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நோட்ஸில் ஐயம் வரும் இடத்தை அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பாடநூலே காலத்தால் பின்தங்கியிருக்கும் இடங்களில் என்ன எழுதுவது என்பதைப் பாட ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவதுதான் வழி.

இரண்டாவது ஆபத்து, விளம்பரம். 'நூற்றுக்கு நூறு உறுதி', 'எங்கள் நோட்ஸைத் தாண்டி ஒரு கேள்வியும் வராது' என்பவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் தவறான விளம்பரங்கள் ஆகக்கூடியவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றுக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பயிற்சி மையங்களுக்கென்றே 2024 நவம்பரில் அது வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்ச்சிக்கு உத்தரவாதம் தரக் கூடாது. வென்ற மாணவரின் படத்தை அவருடைய எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது. அந்த ஒப்புதலையும் அவர் வென்ற பிறகே வாங்க வேண்டும். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், சேர்ந்த மாணவருக்கு நோட்ஸைத் தனிக் கட்டணம் இன்றித் தர வேண்டும் என்கிறது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. இது வழிகாட்டுதல்தான், தனிச் சட்டம் அல்ல. ஆனால் சேர்க்கையின்போது பெற்றோர் சுட்டிக்காட்டிப் பேரம் பேச நல்ல பிடி.

மூன்றாவது, பணமும் தகவலும் பறிபோவது. தேர்வுக்கு முந்தைய இரவு 'நாளைய கேள்வித்தாள்' என்று 500, 1000 கேட்கும் சேனல்களில் பெரும்பாலும் போலித்தாளே கிடைக்கும். உண்மையான தாளாக இருந்துவிட்டால் வாங்கியவரும் விசாரணைக்குள் வருவார். பணம் போன உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்; தாமதிக்காமல் புகார் செய்தால் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் முடக்க வாய்ப்பு உண்டு. இலவச நோட்ஸ் என்று சொல்லி மாணவரின் கைபேசி எண், பள்ளி, மதிப்பெண் ஆகியவற்றைக் கேட்கும் செயலிகள் விலை வாங்காமல் இருப்பதில்லை. விலை தகவலாகப் போகிறது. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவரின் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருப்பதால், அதுவரை பிள்ளையின் எண்ணைக் கொடுக்காமல் இருப்பதே காவல்.

நோட்ஸ் எழுதி முடிக்கவில்லை என்று அடிப்பதும், வகுப்பின் முன் அவமானப்படுத்துவதும் இன்னும் ஒழியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணிலோ, 1098 என்ற சிறார் உதவி எண்ணிலோ சொல்லலாம்.

பக்கங்கள் விடுபட்ட கைடு, புதிய பதிப்பு என்று விற்ற பழைய பதிப்பு, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கிய தொகை ஆகியவற்றுக்கு முதலில் கடைக்காரரையும் பதிப்பகத்தையும் கேட்கலாம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், காலக்கெடு 2 ஆண்டு. இவ்வளவும் ஒரு தாளைச் சார்ந்தது: பில். நோட்ஸுக்குப் பில் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. துண்டுச்சீட்டில் எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பில் தராத இடத்தில் பணத்தை யுபிஐ வழியாகக் கொடுத்தால் பதிவாவது மிஞ்சும்.

நோட்ஸ் தவறியதால் மதிப்பெண் குறைந்ததா, திருத்தியவர் தவறினாரா என்ற கேள்வி பிளஸ் 2 முடிவுக்குப் பிறகு வரும். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. ஒன்று சமச்சீர் கல்வியை அந்த ஆண்டே நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஊரே அதைப் பேசியது. மற்றொன்று, தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றது. சத்தமில்லாமல் வந்த அந்த இரண்டாவது தீர்ப்பு, திருத்திய தாள் தேர்வு வாரியத்தின் இரகசியம் என்ற வாதத்தை உடைத்தது. பிளஸ் 2 மாணவர் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகலைப் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். நகல் வாங்காதவருக்கு மறுமதிப்பீட்டுக்கு வழியில்லை. நகலுக்கு விண்ணப்பிக்கும் அவகாசம் முடிவு வெளியானபின் சில நாட்களே என்பதால், முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணோடு இயக்ககத்தின் அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.