கடனை அடைக்கப் போனார்... கதையோடு திரும்பினார்!

2008 ஏப்ரல் மாதம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வடக்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. குளிர்காலம் முடிந்தும் ஏரிகளில் பனி உருகவில்லை. எங்கும் வெள்ளை. ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் தெரிந்தது. களைத்துப்போன வாத்துகள் அங்கே இறங்கின. அது ஏரி அல்ல. பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் நிறுவனம் ஒன்று தன் கழிவைத் தேக்கிவைத்திருந்த குளம். இறக்கைகளில் தார் ஒட்டிக்கொள்ள, அவற்றால் மீண்டும் எழும்ப முடியவில்லை.

முதலில் 500 வாத்துகள் என்றார்கள். பிறகு எண்ணிப் பார்த்ததில் 1,606. உலகம் முழுக்கச் செய்தியானது. வழக்கு நடந்து, 2010-ல் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் கனடா டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

வாத்துகளுக்காக உலகம் பேசியது சரிதான். ஆனால், அந்தக் குளத்தைச் சுற்றி இரவும் பகலும் வேலை செய்த மனிதர்களைப் பற்றி யார் பேசினார்கள்? அந்தக் கேள்வியைப் படமாக வரைந்து இணையத்தில் போட்டார் ஓர் இளம்பெண். அவர் பெயர் கேட் பீட்டன்.

ஊரில் வேலை இல்லை

கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கிறது கேப் பிரெட்டன் தீவு. அங்கே மாபூ என்ற சின்ன ஊர்தான் கேட் பீட்டனின் சொந்த ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலையும் அந்தத் தீவுக்குச் சோறு போட்டன. 2001-ல் இரும்பு ஆலையை மூடினார்கள். கடைசிப் பெரிய சுரங்கமும் அதே ஆண்டு மூடப்பட்டது. அதற்கு வெகு முன்பிருந்தே, படித்து முடித்ததும் பிழைப்புக்கு ஊரைவிட்டுக் கிளம்புவது அந்தத் தீவில் தலைமுறைப் பழக்கம்.

கேட்டும் கிளம்பினார். மவுண்ட் அலிசன் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மானுடவியலும் படித்தவர். 2005-ல் பட்டம் கையில் வந்தபோது, கல்விக் கடனும் கூடவே வந்து நின்றது. வரலாறு படித்த பெண்ணுக்கு உடனே கடனை அடைக்கும் சம்பளம் எங்கே கிடைக்கும்? எல்லோரும் சொன்ன ஒரே இடம், நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்.

அங்கே எண்ணெய் கிணற்றில் ஊறுவதில்லை. மணலோடு கலந்து, கெட்டியான தார் போலக் கிடக்கும். அந்த மணலைத் தோண்டியோ, பூமிக்குள் நீராவியைச் செலுத்தியோதான் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பத்தைப் பிரிந்து கேம்ப்களில் தங்கி வேலை பார்ப்பார்கள். தொழிலாளர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்து, கணக்கு வைத்து, திரும்ப வாங்கி வைக்கும் வேலை கேட்டுக்குக் கிடைத்தது.

நடுவில் ஒரு வருடம் மேற்குக் கரையில் விக்டோரியா நகரத்தின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனார். மனதுக்குப் பிடித்த வேலை. ஆனால், அந்தச் சம்பளத்தில் கடன் அசையவில்லை. மறுபடியும் எண்ணெய் வயலுக்கே திரும்பினார். கடன் முழுவதும் அடையும்வரை இருந்தார்.

சிரிப்பில் தொடங்கிய பயணம்

அந்த ஆண்டுகளில்தான் கேட் வரைந்த படங்கள் இணையத்துக்கு வந்தன. 2007-ல் தொடங்கிய அவருடைய ‘ஹார்க்! எ வேக்ரண்ட்’ காமிக்ஸில் நெப்போலியனும் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலப் பேசி, சண்டை போட்டுச் சிரிக்கவைத்தார்கள். பளபளப்பான வண்ணம் கிடையாது. அவசரமாக இழுத்தது போன்ற கறுப்புக் கோடுகள்தான். ஆனால், ஒரு புருவத்தின் வளைவிலேயே ஆளின் குணம் தெரிந்துவிடும்.

எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதைத் தேர்வு செய்யவில்லை. படித்தவர்களே நண்பர்களுக்கு அனுப்பினார்கள். படிப்பது இலவசம், அச்சுப் படங்களும் டி-ஷர்ட்டுகளும் விற்றதில் வருமானம். 2011-ல் மான்ட்ரியலைச் சேர்ந்த ‘ட்ரான் அண்ட் குவார்ட்டர்லி’ பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. அதுவும் நன்றாக விற்றது.

அதோடு நின்றிருந்தால், சிரிக்கவைத்த ஓவியராக மட்டுமே கேட் நினைவில் நின்றிருப்பார்.

சொல்லாமல் வைத்திருந்த கதை

2014-ல் தன் இணையப் பக்கத்தில் ஐந்து பகுதிகளாக ஒரு கதையைப் போட்டார் கேட். தலைப்பு ‘டக்ஸ்’... வாத்துகள். பென்சிலால் வேகமாக வரைந்த படங்கள். அதில் நகைச்சுவை குறைவு. பனி, இயந்திரங்கள், தனிமை, மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பார்க்காத அப்பாக்கள், விபத்துகள், அவற்றைப் பற்றிப் பேசாமல் கடந்துபோகும் மனிதர்கள்... இவ்வளவுதான் கதை.

அந்தச் சின்னக் கதை முழுப் புத்தகமாக எட்டு ஆண்டுகள் ஆயின. 2022-ல் வெளிவந்த ‘டக்ஸ்’, 400 பக்கங்களுக்கு மேல் நீளும் சித்திரத் தன்வரலாறு.

இணையத்தில் சொல்லாததையும் அதில் சொன்னார். ஆண்கள் பல மடங்கு அதிகமாக இருந்த கேம்ப்பில் ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் எப்படிக் கழியும் என்பதை வரைந்தார். கருவி வாங்க வரும் சாக்கில் வரிசையில் நின்று முறைப்பவர்கள், கிண்டல்கள், இரவில் அறைக் கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்க்கும் கைகள். தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும் மறைக்கவில்லை. ஆனால், அந்தக் காட்சிகளை அதிர்ச்சிக்காக வரையவில்லை. எவ்வளவு சொல்ல வேண்டுமோ, அவ்வளவுதான்.

புத்தகத்தின் உயிர் இன்னொரு கேள்வியில் இருக்கிறது. அந்த ஆண்களை அவர் அரக்கர்களாகக் காட்டவில்லை. பலர் அவருடைய ஊர்க்காரர்கள். பேச்சு வழக்கே சித்தப்பா, மாமாவை நினைவூட்டும். அன்பாக நடந்துகொண்டவர்களும் உண்டு. அப்படியானால் இவர்களுக்கு என்ன ஆயிற்று? குடும்பத்தைப் பிரித்து, தனிமையில் அடைத்து, பணம் மட்டுமே பேசும் இடத்தில் வைத்தால், நம் வீட்டு ஆண்களும் இப்படி மாறிவிடுவார்களா? இந்தக் கேள்வி கனடாவோடு முடிவதில்லை. வீட்டுக்காக வெளிநாட்டு கேம்ப்களில் வருடக்கணக்கில் தங்கும் மனிதர்களை அறிந்த எந்த ஊருக்கும் இது புரியும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளையும் அவர் மறக்கவில்லை. எண்ணெய் வயலுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்ட் மெக்கேயைச் சேர்ந்த ஒரு க்ரீ இன மூதாட்டி, தங்கள் தண்ணீருக்கும் மண்ணுக்கும் ஆனதைப் பற்றிப் பேசும் வீடியோவைக் கேட் பார்ப்பதாக ஒரு காட்சி வருகிறது. தான் வாங்கிய சம்பளம் யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைக்கிறது. மற்றவர்கள் தனக்குச் செய்த தவறுகளை வரைந்தவர், தானும் ஒரு தவறின் பகுதியாக இருந்ததையும் வரைந்தார்.

பராக் ஒபாமா 2022-ல் தனக்குப் பிடித்த புத்தகங்களின் பட்டியலில் ‘டக்ஸை’யும் சேர்த்தார். 2023-ல் ‘கனடா ரீட்ஸ்’ என்ற நாடு தழுவிய புத்தகப் போட்டியில் அதற்கு வெற்றி கிடைத்தது. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருதும் அதே ஆண்டு வந்தது. ஆனால், இந்த மகிழ்ச்சியைப் பகிர ஒருவர் இல்லை. எண்ணெய் வயலில் கேட்டோடு வேலை பார்த்த சகோதரி, 2018-லேயே புற்றுநோயால் இறந்துவிட்டார்.

நம் நாட்டிலும் உண்டு

சொந்த அனுபவத்தை வரைந்து, அதையே ஊருக்கான பேச்சாக மாற்றியவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள்.

ஜார்க்கண்டின் கர்வா என்ற ஊரில் வளர்ந்த அதிதி குப்தாவுக்குச் சிறுவயதில் மாதவிடாய் வந்தபோது விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ‘அதைத் தொடாதே, இங்கே உட்காராதே’ என்ற கட்டளைகள்தான் கிடைத்தன. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர், துஹின் பாலுடன் சேர்ந்து 2012-ல் ‘மென்ஸ்ட்ருபீடியா’ இணையதளத்தைத் தொடங்கினார். பிறகு பொதுமக்களிடம் நிதி திரட்டிக் காமிக்ஸ் புத்தகமும் கொண்டுவந்தார்கள். மூன்று சிறுமிகள், அவர்களுடைய சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஒரு டாக்டர் அக்கா... அம்மாக்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கியதைப் படங்கள் பேசின.

நாக்பூர்க்காரரான ரோஹன் சக்ரவர்த்தி, பல் மருத்துவம் படித்தவர். காட்டு விலங்குகள் மீதிருந்த பிரியத்தால் 2010-ல் ‘கிரீன் ஹியூமர்’ என்ற கார்ட்டூன் தொடரை இணையத்தில் தொடங்கினார். தவளையும் ஆந்தையும் பாம்பும் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே சொல்லும். சிரித்து முடித்த பிறகுதான், நாம் படித்தது பாதுகாப்புப் பாடம் என்பது தெரியும்.

ரசிதா தனேஜா 2014-ல் ‘சானிட்டரி பேனல்ஸ்’ தொடங்கியபோது வரைந்தது வெறும் குச்சி மனிதர்களை. பெண்கள் படும் பாட்டையும் அரசியலையும் நான்கு கோடுகளில் சொன்னார். 2020-ல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கையே சந்திக்க வேண்டி வந்தது. 2024-ல் கோஃபி அன்னான் பெயரிலான துணிச்சல் கார்ட்டூனிஸ்ட் விருது அவருக்குக் கிடைத்தது. குச்சி மனிதர்களாலும் பெரிய இடங்களைச் சங்கடப்படுத்த முடியும்!

கோடு அல்ல, உண்மை

இந்த நால்வரின் பாணியும் வேறு வேறு. யாரும் ‘உலகத்தைத் திருத்துகிறேன்’ என்று ஆரம்பிக்கவில்லை. தனக்கு நடந்ததை, தான் பார்த்ததை வரைந்தார்கள். ‘இதை யார் படிப்பார்கள்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்ப நடுவில் ஆள் இல்லை. அதனால் அது வெளியே வந்தது. வந்த பிறகு, ‘எனக்கும் இப்படித்தான்’ என்று ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அதே சமயம், இணையம் அவசரப்படுத்தும். இன்று நடந்ததை இன்றே போடச் சொல்லும். கேட் பீட்டன் அதற்கு மசியவில்லை. முதலில் ஐந்து பகுதிகள் போட்டுப் பார்த்தார். மீதியைச் சொல்ல மனதுக்குத் தெம்பு வரும்வரை காத்திருந்தார். எதை எப்போது வெளியே சொல்வது என்ற முடிவு, அந்த வலியை அனுபவித்தவருக்கே சொந்தம்.

உங்கள் வீட்டிலும் கணக்கு நோட்டின் ஓரத்தில் பொம்மை வரைகிற பிள்ளை இருக்கலாம். அடுத்த முறை திட்டுவதற்கு முன்னால், ‘இந்த ஆள் என்ன சொல்றான்?’ என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்லத் தயங்கும் ஏதோ ஒன்று அந்தக் கட்டத்துக்குள் இருக்கக்கூடும்.