இராம நவமித் திருநாள்



இளவேனிற் காலத்தில் வரும் விழாக்களுள் இராம நவமி சிறப்பு வாய்ந்தது. ‘நவமி’ என்பது ஒன்பதாம் நாள். சைத்திர மாதத்து வளர்பிறையின் ஒன்பதாம் நாளில், புனர்பூச விண்மீன் கூடிய வேளையில், கோசல நாட்டு மன்னன் தசரதனுக்கும் கோசலைக்கும் மகனாக இராமபிரான் தோன்றினான் என வான்மீகி இராமாயணம் கூறுகிறது. அந்நாளே இராம நவமியாகும்.

இவ்விழா ஓராண்டு மார்ச்சுத் திங்களிலும் மற்றோராண்டு ஏப்ரலிலும் வருவது ஏன்? நம் தமிழ் மாதங்கள் கதிரவனின் இயக்கத்தைப் பின்பற்றுவன. சைத்திரமோ நிலவின் வளர்ச்சியையும் தேய்வையும் கொண்டு கணிக்கப்படுவது. நிலவின் பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்களே ஆகும். கதிரவன் ஆண்டுக்கு அது 11 நாள் குறைவு. எனவேதான் இந்தியாவில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 17இல் வந்த விழா, 2025இல் ஏப்ரல் 6ஆம் நாளே வந்தது. இவ்வாறே முன்னேறிக்கொண்டு போனால் விழா இளவேனிலை விட்டே விலகிவிடும் அன்றோ? அதனைத் தடுக்க, ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ‘அதிக மாதம்’ ஒன்றைச் சேர்த்து நம் முன்னோர் கணக்கை நேர் செய்தனர்.

இராமன் நண்பகலில் பிறந்தான் என்பது மரபு. ஆதலால் இவ்விழாவின் முதன்மை வழிபாடு உச்சிப்பொழுதில் நிகழ்கிறது. அயோத்தியில் புதிய கோயில் 2024 சனவரி 22இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு இராம நவமியன்று நண்பகலில், கண்ணாடிகள், வில்லைகள் ஆகியவற்றின் வழியே கதிரவன் ஒளியைத் திருப்பி, இறையுருவின் நெற்றியில் திலகமாக விழும்படி அறிவியலார் அமைத்தனர்.

கோதாவரிக் கரையிலுள்ள பத்திராசலத்தில் இந்நாளில் சீதா கல்யாணம் நடைபெறுகிறது. அக்கோயிலை எழுப்பியவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபண்ணா என்னும் பக்த இராமதாசர். நம் நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தெலுங்குக் குடும்பங்கள் இவ்விழாவைத் தம்முடன் கொண்டு வந்தன. தமிழ் இல்லங்களில் பானகம், நீர்மோர், ஊறவைத்த பயற்றம்பருப்பில் செய்யும் வடைப்பருப்பு ஆகியவற்றைப் படைத்து, அண்டை அயலார்க்கு வழங்குவர். வெல்லம், சுக்கு, ஏலம், நீர் ஆகியவையே பானகத்துக்குத் தேவை. வெயில் ஏறும் காலத்துக்கு ஏற்ற குடிநீர் அது. கடன் வாங்காமல், மதுவின்றி, பெருஞ்செலவின்றிக் கொண்டாடத்தக்க விழா இது என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொரு செய்தியும் நம் சிந்தனைக்கு உரியது. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து பிசித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் கொண்டு செல்லப்பட்டனர். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் உழைத்த அவர்களுள் வட இந்தியர் பலர், மாலையில் ஒன்றுகூடித் துளசிதாசர் இயற்றிய இராமகாதையை ஓதினர். படிக்கத் தெரிந்தவர் படித்தார், தெரியாதவர் கேட்டனர். அந்நூல் அவர்தம் மொழியையும் மானத்தையும் காத்தது. நமக்குக் கம்பர் பெருமான் அக்காதையைத் தமிழில் தந்துள்ளார். படிக்கக் கற்ற பிள்ளை, மாலைப் பொழுதில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இராமன் கதையைப் படித்துக் காட்டட்டும். எழுத்தறியா முதியோருக்கும் அது பேரின்பம். பிள்ளையின் தமிழுக்கும் அது நற்பயிற்சி.

இக்காதை தரும் பாடம் யாது? தசரதன் தான் கொடுத்த வாக்கை மீற மாட்டாமல் துயருற்று உயிர் நீத்தான். இராமன் தந்தையின் சொல்லைக் காக்கப் பதினான்கு ஆண்டு காடேகினான். மகன் மட்டுமன்று, தந்தையும் சொல் காத்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். “உன்னை நன்கு படிக்க வைப்பேன்” என்று பிள்ளையிடம் சொன்ன பெற்றோர், ஆறாம் வகுப்பு முடிந்ததும் அச்சொல்லைக் கைவிடலாமா? “நன்கு படிப்பேன்” என்று சொன்ன பிள்ளை புத்தகத்தை மூடி வைக்கலாமா? இராமன் படகோட்டியாகிய குகனையும் உடன்பிறப்பாக ஏற்றான். உழைப்பவரை இழிவாக எண்ணாத அவ்வுள்ளமும் நம் பிள்ளைகளுக்கு வாய்த்தல் வேண்டும்.

வரும் இராம நவமியன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குவளைப் பானகமும், காக்கப்படும் ஒரு வாக்குறுதியும் இருக்கட்டும். அதுவே சிறந்த வழிபாடு.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!