கரண்டு வைத்த பிறகு இருமலா?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருவதை எங்க ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். ஆனால் அது மின்சாரம் இல்லை, எக்ஸ் கதிர் போன்ற வலிமையான கதிர். மார்பில் கதிர் வைக்கும்போது நுரையீரலிலும் கொஞ்சம் படும். அதனால் 1 முதல் 6 மாதத்துக்குள் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

எங்க பெரியம்மாவுக்கு 2 மாதம் கழித்து இப்படி வந்தது. சளிதான்னு நினைச்சு கசாயம் குடிச்சாங்க, கேட்கலை. டாக்டரிடம் கரண்டு வைத்ததைச் சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்.

இது கிருமியால் வருவதில்லை. லேசாக இருந்தால் தானாகவே சரியாகும். அதிகமானால் ஸ்டீராய்டு அழற்சியைக் குறைக்கும். இருமல் நின்றதும் மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது, திரும்பவும் வரலாம். டாக்டர்தான் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பார். சிலருக்குப் பிற்பாடு நுரையீரலில் தழும்பு விழும். அதைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. மூச்சுப் பயிற்சி உதவும், தேவைப்பட்டால் ஆக்சிஜனும் தருவார்கள்.

நண்பர்களே! உங்க வீட்டில் யாருக்காவது மார்பில் கரண்டு வைத்திருந்தால், இருமலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்லச் சொல்லுங்க.

– 9ஆம் வகுப்பு மாணவி