மும்பை டு நெல்லை: டிக்கெட்டில் 2 மணி நேரம், வீட்டு வாசலுக்கு எத்தனை?

ராத்திரி 11 மணிக்கு ஊரிலிருந்து போன். "ஆச்சி போயிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் 4 மணிக்கு எடுக்கிறோம்." தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கும் நெல்லைக்காரர் நீங்கள் என்றால், உடனே மொபைலில் விமானம் தேடுவீர்கள். மும்பை-மதுரை, சுமார் 2 மணி நேரம் என்று காட்டும். "அப்பாடா, போயிடலாம்" என்று தோன்றும். போய்விட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த 2 மணி நேரம் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. மும்பையில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, மதுரையில் போய் நிற்கும் வரையிலான நேரம். நேர்கோட்டில் தூரம் சுமார் 1,170 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட்டுக்கு ஒன்றரை மணி நேர வேலைதான். மிச்சம் எங்கே போகிறது? மும்பை விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. இரண்டையும் ஒரே சமயத்தில் தனித்தனியாக இயக்க முடியாது. அதனால் கியூ. மதுரை இருப்பது தென்கிழக்கில். விமானம் பெரும்பாலும் கிளம்புவதோ மேற்கே, அரபிக்கடலைப் பார்த்து. ஏர்லைன்கள் இதையெல்லாம் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. கால் மணி லேட்டாகக் கிளம்பியும் சில நாள் சரியான நேரத்துக்கு இறங்குவதன் ரகசியம் இதுதான்.

இனி வீட்டுக் கணக்கு. மாட்டுங்காவிலிருந்து ஏர்போர்ட் முக்கால் மணி. செக்-இன், செக்யூரிட்டிக்கு 2 மணி. விமானம் 2 மணி. மதுரையில் வெளியே வர அரை மணி. அங்கிருந்து நெல்லைக்கு 150 கி.மீ.க்கு மேல், காரில் 3 மணி. மொத்தம் 8 மணி 15 நிமிடம். அதாவது 4 மணிக்கு வீட்டில் இருக்க, காலை 10.30-க்குப் பிறகு கிளம்பும் விமானம் உதவாது.

'தூத்துக்குடி பக்கம்தானே?' என்று கேட்கலாம். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து நெல்லை முக்கால் மணிதான். ஆனால் சென்னையில் மாறிப் போவதென்றால் அங்கே காத்திருக்க வேண்டும். சென்னை-தூத்துக்குடி சுமார் 530 கி.மீ.; மும்பை-சென்னையில் பாதி. நேரம் மட்டும் பாதி ஆகாது. ஏடிஆர் விமானம் என்றால் அது மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும், ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிடும். தூத்துக்குடியின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர். பெரிய ஜெட் இறங்க அது போதாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையமும் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. மும்பையிலிருந்து நேரடி ஜெட் வந்தால் மதுரை வழியைவிட 2 மணி நேரம் மிச்சம்.

அவசரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். டிக்கெட்டில் பிஓஎம் என்றிருந்தால் சாந்தாகுரூஸ் பக்கம் உள்ள பழைய விமான நிலையம்; என்எம்ஐ என்றால் நவி மும்பை. செம்பூர்க்காரருக்கே அது 30 கி.மீ. அளவு தள்ளி.

டிக்கெட் போடும் முன் ஊருக்குப் போன் போட்டு, "6 மணிக்கு எடுக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். தாதரிலிருந்து போகும் திருநெல்வேலி எக்ஸ்பிரஸுக்கு ஒன்றரை நாள் ஆகும். அது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான்.