பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பாதுகாப்பு: மாணவர்கள் அறிய வேண்டியவை என்ன?

புதுதில்லி: மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) 12-ஆம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தரம் பார்த்தலுக்கு 8, உப்புப் பகுப்பாய்வுக்கு 8, பாடம் சார்ந்த சோதனைக்கு 6, செயல்திட்டத்துக்கு 4, பதிவேடு மற்றும் வாய்மொழித் தேர்வுக்கு 4 என அவை பிரிக்கப்படுகின்றன. பாதுகாப்பாகப் பணியாற்றியதற்கென்று இந்தப் பட்டியலில் தனி மதிப்பெண் ஏதும் இல்லை.

ஆனால், அடர் அமிலம், திறந்த சுடர், நச்சு வாயு, எளிதில் தீப்பற்றும் திரவம் ஆகியவற்றை மாணவர்கள் முதன்முறையாகக் கையாளும் இடம் பள்ளி ஆய்வகமே. அங்கு எந்தச் செயலால் என்ன ஆபத்து நேரும் என்பதை அவர்கள் படிக்கும் வேதியியலே விளக்கிவிடுகிறது. ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ள விதிகளுக்கான காரணங்களை அறிந்துகொண்டால், தேர்வு நேரப் பதற்றத்திலும் அவற்றை மறவாமல் கடைப்பிடிக்க இயலும்.

கண்ணாடியும் உடையும் ஏன் முக்கியம்?

தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்சிஇஆர்டி) 10-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூல், மக்னீசிய நாடாவை எரிக்கும் செயல்பாட்டுடன் தொடங்குகிறது. ஆசிரியரின் உதவியுடன் இதைச் செய்ய வேண்டும், மாணவர்கள் தகுந்த கண்ணாடி அணிவது நல்லது என்ற எச்சரிக்கையும் அதனுடன் இடம்பெற்றுள்ளது.

பார்வைக் குறைபாட்டுக்காக அணியும் மூக்குக்கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஈடாகாது. அதன் பக்கவாட்டுப் பகுதி திறந்திருப்பதால், தெறிக்கும் துளிகள் கண்ணுக்குள் செல்லக்கூடும். கண்ணைப் பொருத்தவரை, அமிலத்தைவிடச் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் அதிகத் தீங்கு விளைவிப்பவை. அமிலம் படும்போது திசுக்களில் உள்ள புரதம் உறைந்து, அது மேலும் உட்செல்வதை ஓரளவு தடுக்கிறது. காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாக ஊடுருவுகிறது. எனவே, 'காரம்தானே' என்ற அலட்சியம் கூடாது.

நீண்ட தலைமுடியைப் பின்னிக் கட்டுவதும், துப்பட்டாவைக் கழற்றி வைப்பதும், பருத்தியாலான மேலங்கி அணிவதும் சுடரிலிருந்து காக்கும். செயற்கை இழைத் துணி தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதே பருத்தியை வலியுறுத்தக் காரணம். கால் முழுவதையும் மூடும் காலணி, சிந்தும் அமிலத்திலிருந்தும் உடைந்த கண்ணாடித் துண்டுகளிலிருந்தும் பாதுகாக்கும்.

அமிலத்தில் நீரா, நீரில் அமிலமா?

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. இவ்விரண்டும் கலக்கும்போது பெருமளவு வெப்பம் வெளியாகிறது. ஒரு மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலத்தின் எடை சுமார் 1.84 கிராம், நீரின் எடையோ 1 கிராம் மட்டுமே. இதனால் அமிலத்தின் மீது ஊற்றப்படும் நீர் மேற்பரப்பிலேயே தங்கி, அந்த வெப்பத்தில் நொடிப்பொழுதில் கொதித்து, அமிலத் துளிகளையும் சேர்த்து வெளியே தெறிக்கச் செய்கிறது.

மாறாக, நீரில் அமிலத்தை மெதுவாக ஊற்றினால், கனமான அமிலம் கீழிறங்கிப் பரவுகிறது. வெளியாகும் வெப்பத்தை அதிக அளவிலான நீர் ஏற்றுக்கொள்கிறது. இருப்பினும் குடுவை சூடாகும் என்பதால், அதைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் வைத்து, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே இப்பணியைச் செய்வது நல்லது. பள்ளிகளில் அமிலத்தை நீர்க்கச் செய்யும் பொறுப்பு ஆசிரியர் அல்லது ஆய்வக உதவியாளரிடமே இருக்க வேண்டும்.

உப்புப் பகுப்பாய்வில் கவனிக்க வேண்டியவை

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தின் உப்புப் பகுப்பாய்வுப் பட்டியலில் காரீயம், ஆர்சனிக், பேரியம் ஆகியவற்றின் அயனிகளும் உள்ளன. மாணவரிடம் தரப்படும் வெள்ளைத் தூள் எந்த உப்பு என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே, ஒவ்வோர் உப்பையும் நச்சுப் பொருளாகக் கருதியே கையாள வேண்டும். விரலால் தொடுவதும், சுவைத்துப் பார்ப்பதும், ஆய்வகத்தில் தண்ணீர் அருந்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஆய்வகத்தை விட்டு வெளியேறும்போது சோப்பால் கைகளைக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது, அதன் அடிப்பகுதியை மட்டும் சுடரில் நிலையாகப் பிடித்தால், அங்குள்ள திரவம் திடீரெனக் கொதித்து மேலுள்ளதை வெளியே தள்ளும். குழாயைச் சாய்வாகப் பிடித்து, சுடரில் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துச் சூடாக்க வேண்டும். குழாயின் வாய்ப்பகுதி தன்னையோ, அருகில் நிற்பவரையோ நோக்கி இருக்கக் கூடாது.

வெளிவரும் வாயுவை அறிய, குழாயை மூக்கருகே கொண்டுசெல்லாமல், கையால் சிறிதளவு காற்றைத் தன் பக்கம் விசிறி முகர வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் செறிவு மிகும்போது நுகரும் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதால் வாயு அகன்றுவிட்டது என்று கருதுவது ஆபத்தானது. இவ்வகைச் சோதனைகளைப் புகைபோக்கிக் கூண்டினுள் செய்ய வேண்டும். அவ்வசதி இல்லாத இடங்களில் சன்னல்களைத் திறந்து வைத்து, வெளியேற்று விசிறியை இயக்குவது அவசியம்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சலாமா?

கூடாது. தரம் பார்த்தலில் பயன்படும் ஆக்சாலிக் அமிலம், உடலுக்குள் சென்றால் சிறுநீரகங்களைப் பாதிக்கும் நச்சு. பிப்பெட்டின் முனை திரவ மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், உறிஞ்சப்படும் கரைசல் ஒரே மூச்சில் வாய்க்குள் பாயும். ரப்பர் குமிழைப் பொருத்தி உறிஞ்சினால் இந்த ஆபத்து இல்லை; விலையும் மிகக் குறைவு.

தீப்பற்றும் திரவங்களும் சோடியமும்

டைஎத்தில் ஈதரின் கொதிநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். கோடைக்காலத்தில் இந்திய நகரங்கள் பலவற்றின் பகல் வெப்பம் இதைவிட அதிகம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மேசையின் மீது கண்ணுக்குத் தெரியாமல் தவழ்ந்து சென்று, தொலைவில் எரியும் சுடரில் தீப்பற்றி, புட்டி இருக்கும் இடத்துக்கே தீயைக் கொண்டுவரக்கூடும். ஈதர், அசிட்டோன், ஆல்கஹால் போன்றவற்றைத் திறக்கும் முன் அருகிலுள்ள எல்லாச் சுடர்களையும் அணைத்துவிட வேண்டும். அவற்றைச் சூடாக்க நேர்ந்தால், சுடர் இல்லாத வெந்நீர்த் தொட்டியையே பயன்படுத்த வேண்டும்.

சாராய விளக்கு எரியும்போது அதில் சாராயம் ஊற்றுவதும், ஒரு விளக்கைச் சாய்த்து மற்றொன்றிலிருந்து பற்றவைப்பதும் கூடாது. அதை வாயால் ஊதாமல், மூடியால் மூடி அணைக்க வேண்டும்.

கரிமச் சேர்மங்களில் உள்ள தனிமங்களைக் கண்டறிய, அவற்றைச் சோடியத்துடன் சேர்த்து உருக்குவது வழக்கம். செஞ்சூடான அந்தச் சிறு குழாயை நீரில் அமிழ்த்தும்போது அது உடையும். எஞ்சிய சோடியம் நீருடன் வினைபுரிந்து தீப்பற்றவும் கூடும். எனவே, பாத்திரத்தை உடனே கம்பி வலையால் மூட வேண்டும். மிஞ்சிய சோடியத் துண்டுகளைக் கழுவுதொட்டியில் எறியாமல் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். சோடியத்தில் பற்றிய தீயின் மீது நீரையோ, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானையோ பயன்படுத்தக் கூடாது. உலர்ந்த மணலைக் கொட்டி அணைக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

* கண்ணில் ரசாயனம் பட்டால், இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவ வேண்டும். அதன் பின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

* தோலில் அமிலம் பட்டால், நனைந்த உடையை உடனே அகற்றி, ஏராளமான நீரால் கழுவ வேண்டும். அமிலத்தை முறிப்பதற்காகக் காரத்தைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. நடுநிலையாக்கல் வினையே வெப்பத்தை உண்டாக்கும் என்பதையும் மறக்கலாகாது.

* தீக்காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் சுமார் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். பற்பசை, மஞ்சள்தூள், மை, பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது.

* உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்பவர்கள் கம்பளியால் போர்த்தலாம்.

* ரசாயனத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கத் தூண்டக் கூடாது. அரிக்கும் பொருள் மீண்டும் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். புட்டியின் பெயர்ச்சீட்டையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாடு முழுவதற்குமான அவசர உதவி எண் 112. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

விபத்தை ஆசிரியரிடம் மறைப்பதே பாதிப்பைப் பெரிதாக்கும். திட்டு விழும் என்ற அச்சத்தில் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும் மாணவர், சிகிச்சைக்கு மிகவும் தேவையான தொடக்க நிமிடங்களை இழந்துவிடுகிறார். சிறு தெறிப்பையும் அச்சமின்றிச் சொல்லும் சூழலை ஆசிரியர்கள் ஏற்படுத்துவது இதற்காகவே இன்றியமையாதது.

பள்ளிகளின் பொறுப்பு என்ன?

அமில வீச்சுக் குற்றங்கள் தொடர்பான லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், 2013-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, கல்வி நிறுவனங்களின் ஆய்வகங்களுக்கும் பொருந்தும். அமிலப் பயன்பாட்டுக்கான பதிவேட்டைப் பராமரித்து, அதைக் கோட்ட அளவிலான நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும்; அமிலத்தைப் பத்திரமாக வைத்திருக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்; ஆய்வகத்திலிருந்து வெளியேறும் மாணவர்களையும் பணியாளர்களையும் கட்டாயம் சோதனையிட வேண்டும் என்று அந்த உத்தரவு கூறுகிறது. விதிகளை மீறுவோருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் வழி செய்யப்பட்டுள்ளது.

அமிலம் வெளியே செல்லாமல் தடுப்பதற்கான ஏற்பாடுகள் இவை. ஆய்வகத்துக்கு உள்ளே இருக்கும் மாணவரைக் காக்க, தடையின்றி வரும் குழாய் நீர், ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, மணல் வாளி, தீயணைப்பான், பூட்டப்படாத வெளியேறும் வழி, எளிதில் எட்டும் இடத்தில் எரிவாயுவின் முதன்மை அடைப்பான் ஆகியவை தேவை. செய்முறை வகுப்புகள் தொடங்கும் முன்பே, இவை அனைத்தும் தங்கள் பிள்ளைகளின் ஆய்வகத்தில் உள்ளனவா என்று பெற்றோரும் பள்ளி நிர்வாகத்திடம் கேட்டறியலாம்.